தேரை சொன்ன சேதி

பானைக்குள் ஒரே ஒரு தேரைதான் உயிரோடு இருந்தது.

டாக்டர் குருநாதன் மூடியைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரி அட்டெண்டர் இருளாண்டியும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"மத்ததெல்லாம் எங்கே?"

"ரெண்டு செத்துப்போச்சுங்கய்யா. ஒண்ணு ஓடிப்போச்சு. இது சோம்பேறி, அதான் இருக்கு."

"வெளியே ஆள் காத்திருக்காங்களே!"

"உப்புக்காத்து அடிக்கிற ஊருங்கய்யா. இங்கன மனுசன் தங்குறதே பெருசு."

ஐம்பத்தேழாம் வருஷத்துப் பங்குனி மாதம் அது. ராமநாதபுரத்துக் கடலோரத்தில் இருந்த அந்த சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு குருநாதன் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அறை வாசலில் 'பேதாலஜிஸ்ட்' என்று பலகை தொங்கியது. ஊர்க்காரர்களின் வாயில் அது நுழையவில்லை. ரத்தமும் சளியும் சிறுநீரும் அந்த அறைக்குள்தான் போகின்றன என்று பார்த்து, 'மோத்திர டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். குருநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் விரும்பி ஏற்ற வேலை அது. சென்னையில் படித்த காலத்தில், இறந்துபோன பிள்ளையின் தாய் ஒருத்தி வார்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்கே மனிதர்களின் முகத்தைப் பார்த்துச் சேதி சொல்லும் வைத்தியம் தனக்கு ஆகாது என்று மைக்ராஸ்கோப்பின் பக்கம் ஒதுங்கிவிட்டார். கண்ணாடிச் சில்லு அழாது. அதில் தெரிவதைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினால் போதும், சொல்ல வேண்டியதை வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள்.

தேரைச் சோதனையை அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். கர்ப்பிணியின் சிறுநீரை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் நீரில் விந்தணுக்கள் தென்படும். கர்ப்பம் இல்லையென்றால் ஒன்றும் தென்படாது. அவ்வளவுதான். பெண்ணைத் தொடவேண்டாம், ஏன், பார்க்கக்கூட வேண்டாம். குருநாதனுக்கென்றே செய்து வைத்தது போன்ற சோதனை.

வராந்தாவில் காத்திருந்தவர் உக்கிரபாண்டி. உள்ளடங்கிய கிராமம் ஒன்றின் பெரிய சம்சாரி, நிலபுலன்காரர். மீசையும் குரலும் ஆளுக்கு முன்னால் வந்து நிற்கும். பக்கத்தில் மகன் நாகநாதன், தலையைக் குனிந்தபடி. தூணோரமாக உக்கிரபாண்டியின் மனைவி, நாற்பதை எட்டாத சண்முகவள்ளி, மஞ்சள் துணியில் சுற்றிய பாட்டிலைப் பிடித்துக்கொண்டு.

"பொண்ணு வரலையா?" என்றார் குருநாதன்.

"மருமக முத்தழகு வீட்டுல கெடக்கா. பாட்டில் மட்டும் போதும்னு சொன்னாகளே?"

"போதும், போதும்," என்று அவசரமாகச் சொன்னார் குருநாதன்.

"கல்யாணமாகி அஞ்சு வருசமாச்சு டாக்டரய்யா. ராமேஸ்வரத்துல எல்லாத் தீர்த்தமும் ஆடியாச்சு. தேவிபட்டினத்துல கடலுக்குள்ள எறங்கி நவபாசாணத்தச் சுத்தியாச்சு. ஒண்ணும் ஆகல. சிவகங்கைப் பக்கம் ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன். சித்திரை பொறந்ததும் பரிசம் போட்டுருவோம்."

"முதல் சம்சாரம் இருக்கும்போதா? சட்டம் விடாதே."

"சட்டமெல்லாம் மதுரையோட எறங்கிக்கிரும். எங்க ஊருக்கு பஸ் கெடையாது." உக்கிரபாண்டி மனைவியின் பக்கம் முகவாயால் காட்டினார். "இவதான், பரிசத்துக்கு முந்தி சர்க்கார் ஆஸ்பத்திரியில ஒருவாட்டி பாத்துருவோம்னு ஒத்தக்கால்ல நின்னா. மருமகளுக்கு நாள் தள்ளியிருக்காம். எனக்கு நம்பிக்கையில்ல."

சண்முகவள்ளி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பாட்டிலை நீட்டினாள்.

சோம்பேறித் தேரைக்கு ஊசி போடப்பட்டது. அவர்கள் வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது குருநாதன் ஒரு சொட்டைச் சில்லில் எடுத்து வைத்துக் குனிந்தார். வட்ட வெளிச்சத்துக்குள் நூலிழை போன்ற வால்கள் துடிதுடித்து ஓடின. ஒன்றிரண்டல்ல, திருவிழாக் கூட்டம்.

வழக்கமாக இருளாண்டியிடம் சீட்டைக் கொடுத்து அனுப்புவார். அன்றைக்கு என்னவோ, அந்தச் சேதியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் போலிருந்தது. வராந்தாவுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்குக் குழந்தை வருது."

உக்கிரபாண்டி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாகநாதன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. இரண்டாவது பெண்ணைக் கட்டிக்கொள்ள அவனுக்குக் கொஞ்சமும் மனசில்லை என்பது குருநாதனுக்கு அப்போதுதான் புரிந்தது. சண்முகவள்ளி தூணைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சந்தோசத்துல கிறுகிறுத்திருச்சு," என்றார் கணவர். "அஞ்சு வருசத்து ஏக்கமுல்ல! ஆமா, எப்படிக் கண்டுபிடிச்சீக டாக்டரய்யா?"

"தேரையை வச்சு."

மீசை தொங்கிப்போனது. "தேரையா? எங்க பக்கம் உண்டாயிருக்கவ கண்ணுல தேரை படவே விடமாட்டோமே! வயித்துப் புள்ளைக்கு ஆகாதே!"

"தேரை உங்க மருமகளைப் பார்க்கலை ஐயா. பாட்டிலைத்தான் பார்த்தது."

அது உக்கிரபாண்டிக்குச் சமாதானமாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு கூடை கருப்பட்டியும் காரங்காட்டுக் கடல் நண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தன. சிவகங்கைப் பெண்ணின் வீட்டுக்கு 'வேண்டாம்' என்று ஆள் போய்விட்டதாம். குருநாதன் நண்டு சாப்பிடமாட்டார். இருந்தாலும் அந்தக் கூடையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. படித்து வந்த இத்தனை வருஷத்தில், சந்தோஷமாக ஒருவர் தன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அந்த நிறைவு லேடி டாக்டர் சுகிர்தம் அறைக்குள் வரும்வரைதான் நீடித்தது.

"சார், அந்த முத்தழகை நேத்துப் பார்த்தேன்," என்றார் சுகிர்தம். நாசரேத்துப் பக்கத்துக்காரர். பிரசவ வார்டிலேயே தலை நரைத்தவர். "வயித்துவலின்னு அவ புருஷன் கூட்டிட்டு வந்தான். மாசாமாசம் வர்ற வலிதான். அவளுக்குக் கர்ப்பமே இல்லை. ஆனதுக்கான அடையாளமும் இல்லை."

குருநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். "புருஷன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சொல்லிராதீக, சொல்லிராதீக'ன்னு அப்படி ஒரு அழுகை. சார், நீங்களும் பேசாம இருங்க. கொஞ்சநாள் கழிச்சு, தங்காமப் போயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். ஒருதரம் உண்டானவள்னு மாமனாரும் பொறுத்துப்பார். யாருக்கும் நட்டமில்லை."

"இல்லாததை இருக்குன்னு எப்படி எழுதறது?"

"நீங்கதான் ஏற்கெனவே எழுதிட்டீங்களே!"

அது தைத்துவிட்டது. தப்பு எங்கே என்று தெரியாமல் குருநாதனுக்குச் சோறு இறங்காது. காரணத்தைச் சொல்லாமல், 'மறுசோதனைக்கு இன்னொரு பாட்டில் அனுப்பவும்' என்று கிராமத்துக்கு ஆள் அனுப்பினார். பிறகுதான் பானை காலி என்பது நினைவுக்கு வந்தது. சோம்பேறியும் போய்ச் சேர்ந்திருந்தது.

தேரை பிடிக்க இருளாண்டி போனான். முதல் தடவை ஒரு சாக்கு நிறையத் தவளைகளோடு வந்தான்.

"இது தவளைடா!"

"ரெண்டும் அண்ணன் தம்பிதானங்கய்யா?"

சாக்கு அவிழ்ந்து, ஆண்கள் வார்டு முழுக்கத் தவளை. காசநோய்க்காரர் ஒருவர் கட்டிலில் ஏறி நின்று சிரித்துச் சிரித்து இருமினார். மறுபடி போன இருளாண்டி, எங்கோ ஓர் ஊருணியின் ஈரச் சேற்றைத் தோண்டி நல்ல கொழுத்த தேரைகளாகக் கொண்டுவந்தான். எல்லாமே பெட்டை.

"ஆம்பளைதான் வேணும்னு சொன்னேனே?"

"அது வெக்கப்படுதுங்கய்யா. எப்படிப் பாத்துச் சொல்றது?"

மூன்றாவது தடவை குருநாதனே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஊருணிக்குள் இறங்கினார். தொண்டைப் பக்கம் கறுத்திருப்பது ஆண் என்று இருளாண்டிக்குப் பாடம் நடத்திக்கொண்டே பிடித்தார். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். 'மோத்திர டாக்டர்' அன்று முதல் 'தேரை டாக்டர்' ஆனார்.

பாட்டிலைச் சண்முகவள்ளியே கொண்டுவந்தாள். இந்தத் தடவை கணவரும் மகனும் வரவில்லை. வண்டிக்காரன் வெளியில் நின்றான்.

"ஏய்யா," என்று முதன்முதலாக வாய் திறந்தாள். "அந்தத் தேரை தப்பாச் சொல்லுமா?"

"எப்பவாவது சொல்லும்."

"திரும்பவும் அதையே சொன்னா?"

"அப்ப சந்தேகமே இல்லை, குழந்தைதான்."

"வயித்துல கட்டி கிட்டின்னு ஏதும் இருக்காதே?"

மருமகள்மேல் இவ்வளவு கரிசனமா என்று குருநாதன் வியந்தார். "பயப்படாதீங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும்."

சாயங்காலம் தெரிந்தது. மறுபடியும் வட்ட வெளிச்சத்துக்குள் திருவிழாக் கூட்டம்.

"குழந்தைதான்மா," என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரிங்கய்யா," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். மாடு நகர்ந்த பிறகும் அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

தேரைகள்தான் கோளாறோ என்று, குருநாதன் தன்னுடைய சிறுநீரையே எடுத்து இன்னொரு தேரைக்கு ஊசி போட்டுப் பார்த்தார். இருளாண்டி கவலையோடு காத்து நின்றான்.

"அய்யாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

"நல்லவேளை."

மறுநாள் இதைச் சொன்னபோது சுகிர்தத்தின் முகம் சிவந்துபோனது. "இருபது வருஷமா இந்தக் கையால பிரசவம் பார்க்கிறேன். என் கை பொய் சொல்லுது, உங்க தேரை நிஜம் சொல்லுதா?"

"நான் அப்படிச் சொல்லலை…"

"வேற எப்படிச் சொல்றீங்க?"

குரல்கள் பெரிய டாக்டரின் அறைவரை போயின. அவர் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். விசாரணை சீக்கிரமே முடிந்துவிட்டது. "பாட்டிலை எதுக்கு ஊர்லேருந்து சுமந்துக்கிட்டு வரணும்? அந்தப் பொண்ணையே வரச்சொல்லி, நர்ஸ் பக்கத்துல இருக்க, இங்கேயே எடுங்க. யார் சரின்னு தெரிஞ்சிடும்."

இவ்வளவு சுலபமான வழி தனக்குத் தோன்றவில்லையே என்று குருநாதனுக்கு வெட்கமாக இருந்தது. உடனே ஆள் அனுப்பினார். "வேண்டாம் சார், அந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க," என்று சுகிர்தம் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். குருநாதன் நினைத்ததெல்லாம் சில்லைப் பற்றித்தான்.

குடும்பமே வந்து இறங்கியது. முத்தழகை அன்றைக்குத்தான் குருநாதன் பார்த்தார். மெலிந்த பெண். கண்ணைச் சுற்றிக் கருவளையம். மாமியாரை ஒட்டியபடியே நடந்து வந்தாள். நர்ஸ் லத்தீபா அவளை உள்ளே அழைத்துப்போய்ப் பாட்டிலோடு திரும்பினார். ஒன்றுக்கு மூன்றாகத் தேரைகள் தயாராக இருந்தன.

மூன்றிலும் ஒன்றுமில்லை. வட்ட வெளிச்சம் துடைத்து வைத்த தட்டுப் போலக் கிடந்தது.

குருநாதனுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். சுகிர்தத்தின் கை பொய் சொல்லவில்லை. தன் தேரையும் பொய் சொல்லவில்லை. எல்லாம் பொருந்தி வந்துவிட்ட நிறைவோடு வராந்தாவுக்குப் போனார்.

"என்ன டாக்டரய்யா? புள்ள நல்லாருக்கா?" என்றார் உக்கிரபாண்டி.

"ஐயா, மூணு தேரையை வச்சுப் பார்த்தாச்சு, உங்க மருமகளுக்குக் கர்ப்பம் இல்லை. இதுக்கு முந்தி வந்த ரெண்டு பாட்டிலும் இவங்களோடது இல்லை. வேற யாரோ ஒரு பெண்ணோடது."

சொல்லி முடித்த பிறகுதான் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார். சோதனை முடிந்திருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அதோடு சேர்ந்து முடிந்துகொண்டிருந்தது.

உக்கிரபாண்டி மெதுவாக முத்தழகின் பக்கம் திரும்பினார். "ஏத்தா," என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை. "எவ கிட்ட வாங்கி ஊத்துன?"

முத்தழகு மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பரிசத்த நிறுத்துறதுக்காகவா? ஊருக்கெல்லாம் சொல்லி, கொலசாமிக்குக் கெடா நேந்து, என்னத் தெருவுல நிறுத்திட்டியே!"

"அய்யா, விடுங்கய்யா," என்றான் நாகநாதன்.

"ஏலே, நீ வாயப் பொத்து! வண்டியப் பூட்டச் சொல்லு. இவள இப்படியே இவ அப்பன் வீட்டுல எறக்கிட்டு, நேரா சிவகங்கைக்குப் போறோம்."

முத்தழகின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அப்போதும் வாய் திறக்கவில்லை. மாமியாரின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் பிடித்திருக்கிறாள் என்று குருநாதன் எண்ணிக்கொண்டார். அன்றைக்குச் சென்னை வார்டில் தன் கையைப் பிடித்த தாயும் இப்படித்தான் பிடித்தாள். அவளிடமிருந்து எப்படிக் கையை உருவிக்கொண்டு ஓடினோம் என்பதும் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு ஓட முடியாது. இந்தச் சேதியை அவரே, அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க," என்றார். "என்மேல தப்பிருக்கு. தேரைங்க வெயில்ல கெட்டுப்போயிருந்தது. முந்தி பண்ணின ரெண்டு சோதனையும் பிசகு. பாட்டில் உங்க மருமகளோடதுதான்."

அவர் உத்தியோகத்தில் சொன்ன முதல் பொய் அது. கதவோரம் நின்ற சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

உக்கிரபாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டரய்யா, நீக நல்ல மனுசன். பொய் உங்களுக்கு வரல. ரெண்டு வாட்டியும் ஒண்ணே போலவா பிசகும்?"

"பிசகலாம்…"

"அப்ப இன்னைக்கு மூணு தேரையும் சரியாச் சொல்லுச்சாக்கும்?"

குருநாதன் கொண்டுவந்த சோதனையை வைத்தே உக்கிரபாண்டி அவரை மடக்கிவிட்டார். பொய் சொன்னதில், இரண்டு பாட்டிலும் வேறொருத்தியுடையதுதான் என்பது முன்னைவிட உறுதியாகிவிட்டது. வார்டுகளிலிருந்து நோயாளிகள் எழுந்து வந்து சன்னல் கம்பிகளில் முகம் பதித்து நின்றார்கள். லத்தீபா கையில் வைத்திருந்த தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

உக்கிரபாண்டியின் குரல் இப்போது கூரையைத் தொட்டது.

"எங்கூர்லதான் இருக்கா அவ! வெளியில சொல்ல முடியாம மறைச்சு வச்சிருக்கா. இல்லன்னா இப்படிக் களவாக் குடுத்துவிடுவாளா? எவளோ ஒருத்தி சொமக்குறத எங்க வீட்டு வாரிசுன்னு நம்பி நான் மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே! எவன் புள்ள அது? அந்தப் பய யாருன்னு எனக்கு இப்பவே, இங்கனயே தெரிஞ்சாகணும்!"

முத்தழகின் பிடியிலிருந்து மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, சண்முகவள்ளி ஓரடி முன்னால் வந்தாள்.

"சத்தம் போடாதீக," என்றாள். "பாட்டில்ல கொண்டாந்தது என்னோடது. புள்ளைக்கு அப்பன் நீங்கதான்."